எட்டு மணித்தியாலம்

தெகிவளைச் சந்திக்குப் பக்கத்தில் மீன் விற்கும் ரம்ஸீன்
பொலித்தீன் பையின் கழுத்தை றப்பர் வளையத்தால் இறுக்கியபடி சொன்னார்:
"லைட் எட்டு மணித்தியாலம் போதும் மிஸ்.
கூடப் போட்டா மீன் சாகாது,
கண்ணாடிதான் பச்சையாப் போகும்.
அதுகளுக்கும் ராத்திரி வேணும் தானே,
கண்ணுக்கு இமை இல்ல."

நூறாம் நம்பர் பஸ்ஸில்
ஏழு நியோன் மீன்களை மடியில் வைத்தபடி
வெள்ளவத்தை வரும்வரை அதையே யோசித்தேன்.
எனக்கு இமை இருக்கிறது.
இரவு வேலை முடிந்து வந்து படுத்தால்
ஒட்டாத கடித உறைபோல
அது திறந்து திறந்து கொள்ளும்.

நான் ஆஸ்பத்திரியால் வரக் காலை எட்டு.
செந்தூரன் ஏழு மணி ரயிலுக்குப் போயிருப்பான்,
பாதிப் பாணும் சம்பலும் மூடிக் கிடக்கும்.
அவன் வர நான் இறங்க,
சில நாள் இரண்டாம் மாடி வளைவில் சந்திப்போம்.
"காஸ் முடியுது."
"தண்ணி பில் கட்டிட்டன்."
கலியாணம் கட்டி ஒன்றரை வருஷம்.

எட்டை இரண்டாக வெட்டினோம்.
எட்டிலிருந்து பன்னிரண்டு எனக்கு,
ஆறரையிலிருந்து பத்தரை அவனுக்கு.
இடையில் மீன்களுக்கு ஒரு மத்தியானத் தூக்கம்.
பங்கு பிரித்ததில் இருவருக்கும் திருப்தி,
காணி உறுதி எழுதியதுபோல.

மூன்றாம் கிழமை கண்ணாடியில் பச்சை படிந்தது.
முதலில் ஒரு மூச்சு அளவு.
பிறகு கல்லில், குழாயில்,
பிளாஸ்டிக் கோட்டையின் வாசலில்.

குளிர்சாதனப் பெட்டியில் அவன் ஒட்டிய துண்டு:
"லைட் நிப்பாட்ட மறக்கிறீர் போல."
அதன் கீழே நான்:
"நானில்லை. பில்லைப் பாரும்."
அதன் கீழே அவன் ஒரு கேள்விக்குறி மட்டும்.

கேள்விக்குறிக்கு என்னிடம் பதில் இருந்தது.
பக்கத்தில் பத்து மாடி எழும்பிய பிறகு
எங்கள் முன்னறைக்கு வெயில் கிடையாது.
நாலு மணிக்கு எழும்பி
தொட்டி வெளிச்சத்தில்தான் தலை இழுப்பேன்,
தேத்தண்ணி குடிப்பேன்,
ஆறு மணிக்கு நிப்பாட்டிவிட்டுப் படி இறங்குவேன்.
இரண்டு மணித்தியாலம். அதை எழுதவில்லை.

ஆவணியில் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல்.
பெரிய மிஸ்ஸே த்ரீவீல் பிடித்து அனுப்பினார்.
விடியப்புறம் இரண்டு மணி,
கடைசி ரயிலும் போய்
கடல் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரம்,
ஒழுங்கையில் நின்று அண்ணாந்தேன்.
முழுக் கட்டடமும் கறுப்பு.
மூன்றாம் மாடியில் ஒரு சன்னல் நீலம்.

பாயைத் தொட்டியடிக்கு இழுத்துப் போட்டு
செந்தூரன் நித்திரை.
கண்ணாடி மூக்கில் சரிந்திருக்க
பச்சை நிழல் நெஞ்சில் ஏறி இறங்கியது.

காலடி கேட்டு எழும்பினான்.
பிடிபட்ட பிள்ளையின் முகம்.
"இருட்டில வீடு பெரிசாக் கிடக்கு" என்றான்.
பிறகுதான் என் நெற்றியைத் தொட்டான்.

என் இரண்டு மணித்தியாலத்தை
அப்போதாவது சொல்லியிருக்கலாம்.
பரசிட்டமோல் கேட்டேன்.

போயாவுக்கு இருவருக்கும் லீவு.
காலாவதியான வங்கி அட்டையால்
முன்கண்ணாடியைச் சுரண்டினோம்,
அவன் வெளியே நின்று காட்ட, நான் உள்ளே கைவிட்டு.
பின்பக்கம் அப்படியே இருக்கட்டும் என்றான்,
மீன் மேயுமாம்.
நியோன் மீன் பாசி மேயாது என்று
எனக்குத் தெரியும்.

அன்று முழுக்க லைட் போடவில்லை.
இரவு பத்துக்குப் போட்டபோது
ஏழும் வெளிறிப்போய் அடியில் நின்றன,
சிவப்பில்லை, நீலமில்லை,
யாரோ கழுவி விட்டதுபோல.
"வருத்தமோ?" என்றான்.

இல்லை. இருட்டில் இருந்து வந்தால் அப்படித்தான்,
நிறம் திரும்பக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

பாயில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.
எத்தனை மணி வரை என்று
அன்றைக்கு ஒருவரும் கணக்கு வைக்கவில்லை.